குடும்பப் பெயர் கட்டாயம்: டெலவேர் சட்டத்தில் கையெழுத்திடப் போகிறேன்

#1 வைகைக்கரை (ஞாயிறு, இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். இங்கே பல மாதங்களாக வாசிக்க மட்டும் செய்தவன், முதல் முறையாக எழுதுகிறேன். வயது 23, ஊர் திருமங்கலம். ஓர் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில், வாடிக்கையாளர்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். சம்பளம், நான் இதுவரை வாங்கியதைப் போல மூன்று மடங்கு. 14 பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் என்னை ஊழியர் என்று சொல்லாமல் 'தனி ஒப்பந்ததாரர்' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு முறை படித்தேன். மூன்று இடங்களில் இடறுகிறது.

ஒன்று, இந்த ஒப்பந்தத்துக்கு டெலவேர் மாநிலச் சட்டமே பொருந்துமாம். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல், அங்கே வில்மிங்டன் நகரில் தனி நடுவர்கள் விசாரிக்கும் நடுவர் மன்றத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டுமாம். நான் மதுரையைத் தாண்டிச் சென்றதே சென்னைக்கும் பெங்களூருக்கும்தான்.

இரண்டு, வேலையை விட்டபின் இரண்டு வருடத்துக்கு உலகில் எங்கேயும் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது. எங்கேயும் என்றுதான் எழுதியிருக்கிறது.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வாடிக்கையாளர்களிடம் பேச 'எளிதான' ஆங்கிலப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். மைக், சாம், கெவின். என் பெயர் செந்தில்நாதன். அதில் என்ன கடினம் இருக்கிறது?

இன்னொரு கூத்தும் உண்டு. படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். என் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக மறுக்கிறது. வேறு வழியின்றி அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து வரும் மின்னஞ்சல் எல்லாம் 'அன்புள்ள திரு. பிச்சை' என்றுதான் தொடங்குகிறது. நேர்காணல் எடுத்தவர், கூகுள் தலைவருக்கு நீங்கள் உறவா என்று வேறு கேட்டார். என் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

கையெழுத்திடலாமா?

#2 கல்லாப்பெட்டி (ஞாயிறு, இரவு 11.05)

தம்பி, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகளை என்றைக்காவது படித்திருக்கிறீர்களா? படிக்காமல்தானே ஏறினீர்கள்? ஊர் போய்ச் சேர்ந்தீர்களா இல்லையா? இதுவும் அப்படித்தான். எல்லா நிறுவனமும் ஒரே அச்சில் வார்த்த ஒப்பந்தத்தைத்தான் அனுப்புகிறது. உங்களைத் துரத்திக்கொண்டு வில்மிங்டனிலிருந்து எவனும் திருமங்கலத்துக்கு வரப்போவதில்லை. பெயர் மைக் என்றால் என்ன, மயில்சாமி என்றால் என்ன? மாதக் கடைசியில் பணம் எந்தப் பெயருக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

#3 வாய்தா (திங்கள், காலை 6.15)

மேலே எழுதிய நண்பரின் அறிவுரை பாதி சரி. ஆபத்து மீதிப் பாதியில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் போட்டித் தடை ஷரத்து. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27: சட்டப்படியான தொழிலையோ வணிகத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வணிகத்தின் நற்பெயரை விற்கும்போது மட்டும் ஒரு விலக்கு உண்டு. வேலையில் இருக்கும்போது வேறு இடத்துக்கு உழைக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தலாம். இதை உச்ச நீதிமன்றம் 1967இல் கோலிகரி வழக்கில் ஏற்றது. வேலையை விட்டபின் தடுக்க முடியாது. 1980இல் முர்காய் வழக்கில் நீதிபதி ஏ.பி. சென் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்.

'நீங்கள் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்ததாரர், ஆகவே இது பொருந்தாது' என்று அவர்கள் சொல்லக்கூடும். 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கைப் பாருங்கள். அவரும் ஊழியர் இல்லை. விளம்பர நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்திருந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைப் பிடித்து வைக்கும் ஷரத்து பிரிவு 27இன்படி செல்லாது என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கே ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற நியூயார்க் வழக்கறிஞர் தன் மாநிலத்துக்காக எழுதிய சிவில் சட்ட வரைவிலிருந்து எடுத்தது. நியூயார்க் அந்த வரைவைச் சட்டமாக்கவே இல்லை. கலிஃபோர்னியா எடுத்துக்கொண்டது, அதுவும் அதே 1872இல். ஆகையால் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பொறியாளரும் திருமங்கலத்துச் செந்தில்நாதனும் வேலையை விட்ட மறுநாளே எதிர்க் கம்பெனியில் சேர முடிவது, ஒரே மனிதர் எழுதிய ஒரே வரியின் புண்ணியத்தில். உலகமயமாக்கல் 1991இல் பிறந்தது என்று பேசுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

அடுத்து நடுவர் மன்றம். நண்பர் 'எவனும் வரமாட்டான்' என்கிறார். அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு என்றால் அவர் சொல்வதில் பொருள் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் தீர்ப்புகளைத்தான் இங்கே நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அந்தத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். ஆனால் நடுவர் மன்றத் தீர்ப்பின் கதை வேறு. ஒரு நாட்டின் நடுவர் தீர்ப்பை இன்னொரு நாடு ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது, அமெரிக்காவும் இருக்கிறது. நமது 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் இரண்டாம் பாகப்படி, வில்மிங்டனில் பிறந்த நடுவர் தீர்ப்பை இந்திய உயர் நீதிமன்றம் ஒன்றின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறைவேற்றக் கேட்கலாம். எதிர்க்கக் காரணங்கள் உண்டு, ஆனால் அவை குறுகியவை. பெரிய நிறுவனங்கள் நீதிமன்றத்தை விட்டுவிட்டு நடுவரைத் தேடிப் போவது இதனால்தான்.

டெலவேர் ஏன் என்று கேட்பீர்கள். ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வாழும் மாநிலம் அது. நம் மதுரை மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே பதிவான நிறுவனங்களோ இருபது லட்சத்துக்கும் மேல், தலைக்கு இரண்டு. வணிக வழக்குகளுக்கென்றே பெயர்பெற்ற, ஜூரி இல்லாத நீதிமன்றம் ஒன்று அங்கே இருக்கிறது.

கடைசியாக, 'தனி ஒப்பந்ததாரர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். உங்களுக்கு இடறிய மூன்றை விட எனக்கு இந்த நான்காவதுதான் பெரிதாகப் படுகிறது.

#4 நடுநிசி (திங்கள், பகல் 1.20)

2004இல் சென்னையில் ஒரு கால் சென்டரில் 'ஸ்டீவ்' ஆக இருந்தவன் எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம் நாக்குக்குப் பயிற்சி. 'வ' என்று ஆரம்பித்தால் உதட்டைக் கடிக்க வேண்டும், 'ட'வை மென்மையாக்க வேண்டும். வானிலை பற்றி இரண்டு வரி பேசத் தெரிய வேண்டும். ஓஹியோவில் பனி பெய்கிறதா என்று சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். வெளியே கத்திரி வெயில் முடிந்த இரவு, உள்ளே நான் ஒரு கிழவியிடம் 'இங்கேயும் குளிர்தான் அம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை, ஏசி அப்படிக் குளிரும்.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நான் வெறுக்கவில்லை. ஒரு நாளைக்கு எண்பது அழைப்பு வந்தால் அதில் நாலைந்து பேர் கேட்கக் கூசும் வார்த்தையால் திட்டுவார்கள். திட்டு வாங்கியது எல்லாம் ஸ்டீவ். காலை ஆறு மணிக்கு வேன் என்னை இறக்கிவிடும்போது அவனை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். என்னோடு இருந்த ஒருவன் சொந்தப் பெயரில்தான் பேசுவேன் என்று அடம்பிடித்து அனுமதியும் வாங்கினான். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டான். வசவு அத்தனையும் அவன் பெயருக்கே வந்து சேர்ந்தது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அக்கா கல்யாணத்தில் யாரோ பின்னாலிருந்து 'ஸ்டீவ்' என்று கூப்பிட்டார்கள். திரும்பிவிட்டேன். என் பெயரைச் சொல்லிச் சற்று முன்னால்தான் அத்தை கூப்பிட்டிருந்தார், அது காதில் விழவில்லை. அத்தை அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

#5 கல்லாப்பெட்டி (திங்கள், மாலை 4.00)

இதைத்தான் நானும் சொல்கிறேன். பெயர் என்பது யூனிஃபார்ம் மாதிரி. என் உணவகத்தில் அசாமிலிருந்து வந்த ஆறு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒருவனுக்கு ராஜா, ஒருவனுக்குக் குமார், ஒருவனுக்கு மணி என்று வைத்துவிட்டோம். வாடிக்கையாளருக்கு வசதி, அவர்களுக்கும் வருத்தம் இல்லை. அமெரிக்காக்காரன் செய்தால் அடையாளப் பிரச்சினை, ஆண்டிபட்டிக்காரன் செய்தால் செல்லப் பெயரா?

#6 வைகைக்கரை (திங்கள், மாலை 4.25)

வாய்தா ஐயா, நன்றி. அச்செடுத்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 1872 கதை அவருக்குப் பிடித்துவிட்டது.

கல்லாப்பெட்டி அண்ணன், நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ராஜாவின் சொந்தப் பெயர் என்ன?

#7 ஸ்காபரோ (திங்கள், இரவு 9.50)

தம்பி, கனடாவிலிருந்து எழுதுகிறேன். உங்களுடைய வில்மிங்டன் ஷரத்தைப் பார்த்ததும் இங்கே நடந்த வழக்கு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

டொரன்டோவில் ஹெல்லர் என்பவர் ஊபர் செயலிக்காக உணவு கொண்டுபோய்க் கொடுத்தவர். தன்னை ஊழியராகக் கருத வேண்டும் என்று வழக்குப் போட்டார். நிறுவனம் சொன்னது, நீ செயலியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திய ஒப்பந்தத்தின்படி நெதர்லாந்துச் சட்டம், ஆம்ஸ்டர்டாமில் நடுவர் மன்றம். அந்த மன்றத்தின் கதவைத் தட்டவே 14,500 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். அவருடைய ஒரு வருட வருமானத்தில் பெரும்பகுதி அது. 2020 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த ஷரத்து மனசாட்சிக்கு விரோதமானது, செல்லாது என்று தீர்த்தது. பேரம் பேச வழியில்லாதவனிடம், அவனுக்கே விளங்காத விலையை மறைத்து வாங்கிய கையெழுத்து என்பது அதன் சாரம்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனும் செயலியில் வாகனம் ஓட்டித்தான் படித்தான். அவனிடம் நீ யார் என்று கேட்டால் கனடியன் என்பான், பிறகு தமிழன் என்பான், வேலை என்று வந்தால் 'பார்ட்னர்' என்பான். முதலிரண்டு சொல்லுக்கும் அவனிடம் விளக்கம் இருக்கிறது. மூன்றாவதை அந்த நிறுவனம் வைத்தது. முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை, பார்ட்னர். கணக்கு முடக்கப்பட்ட அன்று யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாமல் இரண்டு நாள் கைபேசியைப் பார்த்தபடி இருந்தான்.

#8 வாய்தா (செவ்வாய், காலை 6.05)

நல்ல வழக்கை எடுத்துக் கொடுத்தீர்கள். ஆனால் தம்பி இதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். கனடாத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. நம்மிடம் 1986இல் பிரஜோ நாத் கங்குலி வழக்கு இருக்கிறது. சமமில்லாத பேரத்தில் திணிக்கப்பட்ட, மனசாட்சிக்கு ஒவ்வாத ஷரத்து செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அருமையான தீர்ப்பு. ஆனால் அங்கே முதலாளி அரசு நிறுவனம். தனியார் ஒப்பந்தத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கரையேறுவது எளிதல்ல.

நடுவர் மன்றம் என்றாலே முதலாளியின் ஆயுதம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2013இல் வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே, ஆயத்த ஆடை ஆலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின், ஐரோப்பியத் துணி நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. அதிலும் நடுவர் மன்ற ஷரத்து உண்டு, அதே நியூயார்க் உடன்படிக்கை உண்டு. சங்கங்கள் அதைப் பயன்படுத்தி இரண்டு பிராண்டுகளை ஹேக் நகர நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. 2018 ஜனவரியில் ஒரு நிறுவனம் 23 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டு முடித்தது. கத்தி யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

#9 டல்லஸ் நடராசன் (செவ்வாய், காலை 8.30)

குடும்பப் பெயர்க் கூத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் அதில் பட்டம் வாங்கியவன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் தள்ளிவிட்டு, முதல் பெயரில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அதுவே ஓட்டுநர் உரிமத்துக்கும் போனது, அலுவலக அட்டைக்கும் போனது. நான்கு வருடம் என்னை 'ஃப்னூ' என்று கூப்பிட்டார்கள். ஒரு சக ஊழியர் இது எந்த மொழிப் பெயர், அழகாக இருக்கிறதே என்றார்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அதே ஆண்டில் இந்தோனேசியாவும் இனிப் பதிவாகும் பெயர்களில் குறைந்தது இரண்டு சொற்கள் வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் சுகர்ணோவின் பெயரே ஒரு சொல்தான்.

#10 கிள்ளான்காரி (செவ்வாய், காலை 9.10)

மலேசியாவில் எங்களுக்கு இந்தத் தொல்லை வேறு வடிவில். அடையாள அட்டையில் ஆணுக்கு 'ஏ/எல்', பெண்ணுக்கு 'ஏ/பி' என்று போட்டு அப்பா பெயர் வரும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம். வெளிநாட்டு இணையப் படிவத்தில் அந்தச் சாய்கோடு ஏறாது. 'ஏபி' என்று ஒரு நடுப்பெயர் எனக்கு முளைத்துவிட்டது.

#11 முன்னெழுத்து (செவ்வாய், பகல் 12.15)

இந்த இழையில் யாரும் தொடாத இடத்தைத் தொடுகிறேன்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த வால் தானாக உதிரவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பின் ஒரு தலைமுறை அதைச் செய்தும் காட்டியது. இந்தியாவின் வேறு பல பகுதிகளில் ஒருவர் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும். இங்கே அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து, பிறகு என் பெயர், முடிந்தது. இந்தப் பெயர் முறையே ஒரு அரசியல் சாதனை.

இப்போது என்ன நடக்கிறது? என் அலுவலகத்தில் இரண்டு பேர், குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று, தாத்தா கைவிட்ட சாதிப் பெயரைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால், 'அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சங்கடமாக இருக்கிறது, இது கேட்க நன்றாக இருக்கிறது' என்கிறார்கள். வங்கியின் வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு, கருப்புப் பணத் தடுப்பு விதி, பணப் பட்டுவாடாச் செயலி எல்லாம் ஒரே கட்டத்தைக் காட்டுகின்றன. அதை வடிவமைத்தவனுக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது. ஏறக்குறைய நூறு வருட வேலையை, 'கட்டாயம்' என்று காட்டும் ஒரு சிவப்பு நட்சத்திரக் குறி கலைத்துக்கொண்டிருக்கிறது.

#12 காஜாபட்டன் (செவ்வாய், இரவு 8.45)

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக மெர்ச்சண்டைசர். அண்ணன்கள் அனைவரும் மன்னிக்கவும், இரண்டு நாளாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் மாறுவது உங்களுக்கு இப்போதுதான் வலிக்கிறதா? பெண்களுக்கு முன்னெழுத்து கல்யாணத்தன்றே மாறிவிடுகிறது. பி.எஃப். கணக்கில் அப்பா எழுத்து, ஆதாரில் கணவர் எழுத்து, வங்கியில் இரண்டும் இல்லை. எங்கள் தையல் பிரிவில் பாதிப் பெண்களுக்குப் பழைய பி.எஃப். பணம் வராமல் நிற்பது இதனால்தான்.

நீங்கள் பேசுவது லேப்டாப் வைத்திருப்பவனின் உலகமயம். எங்கள் ஊரில் அது வேறு முகத்தோடு வரும். வாங்கும் பிராண்டின் நடத்தை விதித்தொகுப்பு சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும். அதிலுள்ள பல வரிகள் பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்துக்கும், ஜெர்மனியில் 2023இல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டத்துக்கும் பதில் சொல்வதற்காக எழுதப்பட்டவை. ஆடிட் வருவதற்கு முதல் நாள் தண்ணீர்க் குழாய்க்குப் புது வாளி வரும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி, மறைக்கவில்லை.

ஆனாலும் கிண்டலோடு நிறுத்திவிட முடியாது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலைகளில் மூன்று வருடம் விடுதியில் அடைத்துவைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி வேலை வாங்கிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் ஓர் ஒப்பந்தம்தான். பெயரைப் பாருங்கள், சுமங்கலி. அந்தப் பெண் தொழிலாளி இல்லை, வருங்கால மனைவி. அதை வெளியே கொண்டுவந்ததில் இங்குள்ள அமைப்புகளோடு வெளிநாட்டு வாங்குவோர் மீதான அழுத்தத்துக்கும் பங்கு உண்டு.

2021 ஜனவரியில் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டதை அடுத்து, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம், எச் அண்டு எம், கேப் போன்ற பிராண்டுகள் ஒரு பக்கம். பாலியல் தொல்லையைக் கண்டுகொள்ளாமல் ஆலை மீறினால், பிராண்டு வணிக ரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று எழுத்தில் கட்டுப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் அந்த ஆலையின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது, செப்டம்பரில் தடையை நீக்கியது. வேடசந்தூர்ப் பக்கத்தில் பஸ் ஏறி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் புகாருக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் கன்டெய்னர் நின்றது. இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று எனக்கே இரண்டு மனம். கன்டெய்னர் நின்றால் சம்பளமும் நிற்குமே.

அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தியிடம் பேசியிருக்கிறேன். சங்கத்தில் சேர்ந்தபின் என்ன மாறியது என்று கேட்டேன். 'சூப்பர்வைசர் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்' என்றாள். அதற்கு முன்னால் எப்படிக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

#13 கல்லாப்பெட்டி (செவ்வாய், இரவு 9.30)

அம்மா, சங்கம், ஒப்பந்தம், ஆடிட் என்று எல்லாம் செய்து விலையை ஏற்றிவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் எப்படித் திணறியது என்று உங்களுக்குத் தெரியாததா? அப்போது எந்த ஜெர்மன் சட்டம் வந்து கஞ்சி ஊற்றியது?

#14 காஜாபட்டன் (செவ்வாய், இரவு 9.42)

ஊற்றவில்லைதான். அந்த வரியைப் போட்டது சங்கமும் இல்லையே, அண்ணா.

#15 நெறியாளர் (புதன், காலை 7.00)

#11க்குப் பதிலாக வந்த ஒன்பது பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாருடைய தாத்தாவுக்கு என்ன பட்டம் என்பது இந்த இழையின் பொருள் அல்ல.

#16 கல்லாப்பெட்டி (வியாழன், இரவு 11.50)

கடை சாத்திவிட்டு எழுதுகிறேன். திங்கட்கிழமை தம்பி ஒரு கேள்வி கேட்டார், அப்போது பதில் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல?

இன்று கேட்டேன். தீபஜோதி. மூன்று வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறான். ஆதார் நகல் என் மேசையில்தான் இருக்கிறது, ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. இனிமேல் தீபஜோதி என்றே கூப்பிடட்டுமா என்றேன். பெரிய மனசு பண்ணுகிறோம் என்ற நினைப்பு எனக்கு. அவன் சிரித்துவிட்டு, வேண்டாம் முதலாளி, ராஜா என்றே இருக்கட்டும், எச்சில் இலை எடுக்கிறவன் ராஜா, தீபஜோதி ஊரில் இருக்கிறான் என்றான்.

ஸ்டீவ் கதையை எழுதியவருக்கு இது புரியும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

#17 நடுநிசி (வெள்ளி, அதிகாலை 1.15)

புரிகிறது. அவனுக்கு ஒரு நாள் அதிகப்படியாக லீவு கொடுங்கள். ஊருக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வரட்டும்.

#18 வைகைக்கரை (வெள்ளி, இரவு 10.20)

கையெழுத்திட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வாய்தா ஐயா சொன்ன நான்கையும் மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் எழுதினேன். பதில் வராது, அல்லது 'விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்' என்று வரும் என்று நினைத்தேன். இரண்டு நாளில் வந்தது. போட்டித் தடையை ஆறு மாதமாக்கி, அவர்களுடைய வாடிக்கையாளர்களிடம் நேரடியாக வேலை கேட்கக்கூடாது என்ற அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். நோட்டீஸ் காலம் 7 நாளிலிருந்து 30 நாள் ஆனது. டெலவேர் அப்படியே இருக்கிறது, அதை மாற்றவே முடியாதாம். நடுவர் விசாரணையைக் காணொளியில் நடத்தலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். பி.எஃப். பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை.

பெயருக்கு வருகிறேன். பட்டியலில் உள்ளது வேண்டாம், என் பெயரின் பின்பாதியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நாதன். அந்த அம்மையாருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. 'நேதன்! அருமையான அமெரிக்கப் பெயர் ஆயிற்றே, ஏன் முதலிலேயே சொல்லவில்லை?' என்றார். நான் திருத்தவில்லை. அவர்கள் நேதன் என்று கூப்பிடட்டும், எனக்கு நாதன் என்றுதான் கேட்கும். திட்டு விழும் நாளில் செந்தில் இந்தப் பக்கம் பத்திரமாக இருப்பான். நடுநிசி அண்ணனிடம் கற்றது.

குடும்பப் பெயர்தான் தீரவில்லை. என் பாட்டிக்கு முதல் மூன்று குழந்தைகள் தங்கவில்லை. நான்காவதாகப் பிறந்தவர் அப்பா. தவிட்டுக்கு விற்று வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்தால் எமன் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்று வைத்தார்களாம். அந்தப் பெயர்தான் இப்போது டெலவேர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

இன்று மாலை அறிமுகக் கூட்டம். ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டேன். மேலாளர், 'குட் ஈவ்னிங், மிஸ்டர் பிச்சை' என்றார். அடுத்த அறையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அப்பா, 'யாரு?' என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்து, கேமராவுக்கு முன்னால் கையைத் துடைத்தபடி நின்றார்.

#19 வாய்தா (சனி, காலை 6.10)

வாழ்த்துகள். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலையும் அந்த மின்னஞ்சல்களையும் அச்செடுத்து வீட்டில் வையுங்கள், அவர்களுடைய கணக்கில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க வரிப் பிடித்தத்துக்காக 'டபிள்யூ-8பென்' என்று ஒரு படிவம் வரும். அதிலும் பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்.

#20 வைகைக்கரை (சனி, காலை 6.32)

பான் அட்டையில் அப்பா பெயர் 'ட்' சேர்த்து 'பிட்சை' என்று இருக்கிறது ஐயா.